உப்புக் கணக்கிலிருந்து தொடங்குவோம்: ஒரு சாயப்பட்டறைக்கான சுற்றுச்சூழல் மேலாண்மை – முழுமையான வழிகாட்டி

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கும் நொய்யலாற்றின் குறுக்கே, பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே அது திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ, அதே விவசாயிகள் அதில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில், கழிவுநீர் ஆற்றுக்குப் போவதை முற்றிலும் நிறுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கெடு விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் கழிவுநீர் நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மொத்தமாக மூடுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன, அவற்றை நம்பியிருந்த தொழிலாளர்களின் பிழைப்பும் நின்றது.

ஆற்றையும் தொழிலையும் ஒருசேர இழந்த இந்த அனுபவம் எனக்குச் சொல்லும் செய்தி ஒன்றுதான். சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது வேறு, சுற்றுச்சூழலை மேலாண்மை செய்வது வேறு. பட்டறைக்குள் வரும் ஒவ்வொரு கிலோ உப்பும், ஒவ்வொரு லிட்டர் நீரும் எங்கே போய்ச் சேர்கிறது என்று கணக்கு வைக்கத் தெரிந்த பட்டறைதான் தன் மாசைக் கட்டுப்படுத்த முடியும். பருத்திப் பின்னலாடைத் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிவினையால் பிணையும் சாயம்) ஏற்றும் ஒரு நடுத்தரப் பட்டறையை எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கைத் தொடங்குவதிலிருந்து முறையான மேலாண்மை அமைப்பாக வளர்ப்பது வரை படிப்படியாக இங்கே விளக்குகிறேன். பட்டறை உரிமையாளர், மேலாளர், சுத்திகரிப்பு நிலையப் பொறுப்பாளர், இத்துறையைப் படிக்கும் மாணவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கொள்கைகள் பட்டறைக்குள் என்ன பொருள் தருகின்றன

இன்றைய தேவைகளை நிறைவேற்றும்போது, வருங்காலத் தலைமுறையினர் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுத்துவிடக் கூடாது என்பதே 1987-இல் பிரண்ட்லாண்ட் ஆணையம் நிலைத்த வளர்ச்சிக்குக் கொடுத்த வரையறை. 1992-இல் ரியோ மாநாட்டின் பிரகடனம், முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் தனித்தனியாக எடுத்துரைத்தது. இவ்விரண்டும் இந்தியச் சட்டத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் அறிவித்த தீர்ப்பு, பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்தது என்பதைத் தமிழ்நாட்டுத் தொழில்முனைவோர் மறக்கக் கூடாது.

முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின்படி, தன் செயல் தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. கிணறு கெட்டதற்குக் காரணம் பட்டறைதான் என்று பக்கத்துத் தோட்டக்காரர் நிரூபிக்கட்டும் எனக் காத்திருக்க முடியாது, அளவீடுகள் பட்டறையின் கையில் இருக்க வேண்டும். மாசுபடுத்துபவர் செலவேற்கும் கோட்பாடு இன்னும் நேரடியானது. ஜாப் ஒர்க்காகச் சாயம் ஏற்றும் பட்டறை, ஒரு கிலோ துணிக்கு வாங்கும் கூலியில் சுத்திகரிப்புச் செலவு முழுவதும் அடங்கியிருக்க வேண்டும். அடங்காவிட்டால், அந்தச் செலவை ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள விவசாயி தன் விளைச்சலில் செலுத்திக்கொண்டிருக்கிறார் என்று பொருள். கூலி நிர்ணயத்தைச் சுற்றுச்சூழல் மேலாண்மைக்கு வெளியே உள்ள விஷயமாகப் பார்ப்பதுதான் இத்துறையின் பெரிய தவறு என்பது என் கருத்து.

முதல் படி: நீரை அளத்தல்

பட்டறையின் வரைபடம் ஒன்றை எடுத்து, நீர் உள்ளே வரும் எல்லா இடங்களையும் குறியுங்கள்: ஆழ்துளைக் கிணறு, டேங்கர் லாரி, குழாய் நீர், சுத்திகரித்துத் திரும்பி வரும் நீர். பிறகு நீர் வெளியேறும் எல்லா இடங்களையும் குறியுங்கள்: சாய பாத் (துணியை மூழ்கவைக்கும் சாயக் கரைசல்), அலசல் நீர், பாய்லர் புளோடவுன் (பாய்லரில் உப்பு சேராமலிருக்கத் திறந்துவிடும் நீர்), நீர் மென்மையாக்கும் கருவியைக் கழுவும் நீர், தரை கழுவும் நீர், கழிவறை, ஆவியாகப் போவது, ஈரத்துணியோடு போவது. ஒவ்வொரு உள்வழியிலும், ஒவ்வொரு முக்கிய இயந்திரத்திலும் நீர் மீட்டர் பொருத்தி, ஒரு மாதம் நாள்தோறும் ஒரே நேரத்தில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் உள்ளே வந்த நீருக்கும் வெளியே போன நீருக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், கசியும் வால்வோ, கணக்கில் வராத குழாயோ, பழுதான மீட்டரோ எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இந்த ஒரு மாதக் கணக்கிலிருந்து கிடைக்கும் முக்கியமான எண், ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் நீர் செலவாகிறது என்பது. பழைய வின்ச் இயந்திரங்கள் ஒரு கிலோ துணிக்குப் பத்து முதல் இருபது லிட்டர் வரை பாத் கேட்கும். புதிய சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்கள் ஐந்து முதல் எட்டு லிட்டரில் வேலையை முடிக்கும். பாத்துக்குப் பிறகு வரும் அலசல்களும் சேர்ந்தே மொத்தச் செலவு உருவாவதால், இயந்திரம் மாற்றியவுடன் நீர்ச் செலவு குறைந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளாமல் மீட்டரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: உப்பை எடைபோடுதல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். பருத்தி இழையில் ரியாக்டிவ் சாயம் ஏற, பாத்தில் சாதாரண உப்போ (சோடியம் குளோரைடு) கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) சேர்க்க வேண்டும். ஷேடின், அதாவது வேண்டிய நிறத்தின், அடர்த்தியைப் பொறுத்து, லிட்டருக்கு 40 முதல் 100 கிராம் வரை தேவைப்படும். சாயத்திலாவது ஒரு பகுதி துணியில் நின்றுவிடுகிறது, உப்போ கிட்டத்தட்ட முழுவதும் கழிவுநீரில் வந்துசேர்கிறது. உயிரியல் சுத்திகரிப்பில் நுண்ணுயிர்கள் அதைத் தின்பதில்லை, சுண்ணாம்பு போட்டால் அது படிவதில்லை, நிறம் நீங்கிய பின்னும் அது நீரில் அப்படியே இருக்கிறது. நொய்யலைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரிந்த நிறம் மட்டுமல்ல. தெளிந்த பிறகும் நீரில் கரைந்திருந்த உப்பு, நிலத்தடி நீரிலும் மண்ணிலும் தங்கி, சோடியத்தால் மண்ணின் கட்டமைப்பை இறுக்கி, பாசனத்துக்கே உதவாமல் செய்தது.

ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 1,000 கிலோ துணி, ஒரு கிலோவுக்கு 6 லிட்டர் பாத், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் பாத்துக்குள் போகும் உப்பு 360 கிலோ. அலசலையும் சேர்த்து ஒரு கிலோவுக்கு 60 லிட்டர் நீர் செலவானால், மொத்தக் கழிவுநீர் 60,000 லிட்டர். அந்த உப்பு இதில் பரவும்போது, பட்டறைகளில் டி.டி.எஸ். என்று சொல்லப்படும் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் ஆகிறது. ஆறு, வாய்க்கால் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு 2,100 மில்லிகிராம்.

இதோடு, உள்ளே வரும் நீரிலேயே கரைந்திருக்கும் உப்பையும், சோடா ஆஷ், காஸ்டிக் முதலியவற்றையும், மென்மையாக்கும் கருவியைப் புதுப்பிக்கப் போடும் உப்பையும் சேர்த்து எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அது பின்னால் தொல்லை தரும் என்பதைக் கசடுப் பகுதியில் காணலாம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன பட்டறை நல்ல முறையில் நீரைச் சிக்கனப்படுத்தி, 60 லிட்டரை 45 லிட்டராகக் குறைத்தால், உப்பு அதே 360 கிலோதான், ஆனால் டி.டி.எஸ். 8,000 ஆக உயர்ந்துவிடும். அடர்த்தியை மட்டும் பார்ப்பவருக்கு நிலைமை மோசமானது போலத் தோன்றும். உண்மையில் நிலத்தடி நீர் நாளுக்கு 15,000 லிட்டர் மிச்சமாகியிருக்கிறது. அதேபோல், நல்ல நீரைக் கலந்து டி.டி.எஸ்.ஸைக் குறைத்துக் காட்டும் பட்டறை ஒரு கிலோ உப்பைக்கூடக் குறைக்கவில்லை. ஆகவே பதிவேட்டில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதோடு, நாளுக்கு எத்தனை கிலோ என்ற பத்தியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

அளப்பதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. கையடக்க மின்கடத்துதிறன் மீட்டர் காட்டும் எண்ணை 0.6 முதல் 0.7 வரையுள்ள ஒரு காரணியால் பெருக்கினால் டி.டி.எஸ். தோராயமாகத் தெரியும். மாதம் ஒருமுறை ஆய்வகத்தில் சோதித்து, உங்கள் பட்டறை நீருக்கான சரியான காரணியை உறுதி செய்துகொள்ளுங்கள். மாதிரி எடுக்கும்போது, ஒரே நேரத்தில் ஒரு பாட்டில் நிரப்புவது பயன்படாது. பாத் திறந்துவிடும் நேரத்தில் உப்பு மிகுதியாகவும், கடைசி அலசலின்போது மிகக் குறைவாகவும் இருக்கும் என்பதால், மணிக்கொருமுறை எடுத்து, நீரோட்டத்தின் அளவுக்கேற்பக் கலந்த கூட்டு மாதிரியே உண்மையைச் சொல்லும்.

மூன்றாம் படி: பாதிப்புகளையும் சட்டக் கடமைகளையும் பட்டியலிடுதல்

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதன் பாதிப்பை எழுதுங்கள். சாய பாத்துக்கு உப்பும் நிறமும், பாய்லருக்குப் புகையும் விறகும், ரசாயனக் கிடங்குக்குச் சிந்தலும் தீயும், கசடுத் தொட்டிக்கு விஷவாயு. எவ்வளவு கடுமையானது, எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது, நம் கட்டுப்பாட்டில் எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிட்டு, முதலில் கைவைக்க வேண்டிய நான்கைந்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் சரிசெய்ய முயலும் பட்டறை எதையும் முடிப்பதில்லை.

சட்டப் பட்டியலில் 1974-இன் நீர்ச் சட்டம், 1981-இன் காற்றுச் சட்டம், 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2016-இன் அபாயகரக் கழிவு விதிகள் ஆகியவை கட்டாயம் இடம்பெற வேண்டும். தொழில் தொடங்க ஓர் இசைவாணையும் இயக்க ஓர் இசைவாணையும் வாரியத்திடம் பெற வேண்டும். இயக்க இசைவாணையில் அச்சிடப்பட்டிருக்கும் நிபந்தனைகள் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரையும் சான்று எங்கே இருக்கிறது என்பதையும் எதிரே எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் தர வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கைப் படிவம், ஓர் அலகு உற்பத்திக்கு எவ்வளவு நீர், எவ்வளவு மூலப்பொருள் செலவானது என்று கேட்கிறது. முதல் இரண்டு படிகளைச் செய்தவருக்கு அந்தப் படிவத்தை நிரப்ப ஒரு மணி நேரம் போதும், அதில் எழுதும் எண்களும் உண்மையாக இருக்கும்.

நான்காம் படி: மூலத்திலேயே குறைத்தல்

சுத்திகரிப்பில் ஒரு கிலோ உப்பைப் பிரித்தெடுப்பதற்கு ஆகும் செலவைவிட, அந்த ஒரு கிலோவைப் போடாமல் இருப்பதற்கு ஆகும் செலவு எப்போதும் குறைவு. பாத் விகிதத்தைக் குறைப்பது முதல் வழி. லிட்டருக்கு 60 கிராம் என்ற அதே செய்முறையில், ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் பாத் வைத்தால் உப்பு 600 கிராம், ஆறு லிட்டர் வைத்தால் 360 கிராம். வேறு எதையும் மாற்றாமலேயே ஐந்தில் இரண்டு பங்கு உப்பு குறைகிறது.

அடுத்து, குறைந்த உப்பில் ஏறும் சாயங்களையும், இழையோடு பிணையும் வினைத்தொகுதிகள் இரண்டு இருப்பதால் அதிகமாகப் பற்றும் சாயங்களையும் தேர்ந்தெடுக்கலாம். சாதாரண ரியாக்டிவ் சாயங்களில் 60 முதல் 80 விழுக்காடு வரைதான் துணியில் நிற்கும், மீதி அலசலில் போகும். பற்றும் அளவு உயர்ந்தால் அலசல்களின் எண்ணிக்கையும் குறையும். கோல்ட் பேட் பேட்ச் முறையில் உப்பே சேர்ப்பதில்லை. துணியைச் சாயத்தில் தோய்த்துப் பிழிந்து, சுற்றி, அறை வெப்பத்தில் பல மணி நேரம் ஊறவிடுவதால் நீர்ச் செலவும் குறைவு. பின்னலாடைத் துணியை இழுவிசை இல்லாமல் கையாளத் தனி இயந்திரம் வேண்டும் என்பதால் முதலீடு அதிகம், ஆனால் உப்புக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த முதலீட்டுக்கு நியாயம் தெரியும்.

மறுசாயம் ஏற்றுவது கண்ணுக்குத் தெரியாத பெரிய மாசு. ஷேடு தவறிய ஒரு லாட்டை மீண்டும் சாயம் ஏற்றும்போது, அந்தத் துணிக்கான நீரும் உப்பும் நீராவியும் இரட்டிப்பாகின்றன. முதல் முறையிலேயே சரியாக வந்த லாட்டுகளின் விழுக்காட்டைத் தரப் பிரிவின் எண்ணாக மட்டும் பார்க்காமல் சுற்றுச்சூழல் எண்ணாகவும் பதிவு செய்யுங்கள். ஆய்வக மாதிரிக்கும் இயந்திர ஷேடுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைப்பது, எடைபோடுவதைத் தானியங்கியாக்குவது, உள்ளே வரும் நீரின் கடினத்தன்மையை நிலையாக வைத்திருப்பது ஆகிய மூன்றுமே மறுசாயத்தைக் குறைக்கும்.

சிறிய மாற்றங்கள் பலவும் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுத்த பிறகு கேட்டலேஸ் என்னும் நொதியைப் பயன்படுத்தினால் சில அலசல்கள் தேவைப்படாது. கடைசி அலசல் நீரை அடுத்த லாட்டின் முதல் கழுவலுக்கு எடுத்துக்கொள்ளலாம். குளிர்விக்கும் நீரும் நீராவிக் குழாய்களில் ஆவி குளிர்ந்து திரளும் கண்டென்சேட் நீரும் சாக்கடைக்குப் போகக் கூடாது. ஒரே இயந்திரத்தில் வெளிர் ஷேடில் தொடங்கி அடர் ஷேடுக்குப் போகுமாறு நாள் அட்டவணையை அமைத்தால் இடையே இயந்திரம் கழுவும் நீர் மிச்சமாகும்.

ஐந்தாம் படி: பிரித்து வைத்து, சுத்திகரித்து, திரும்பக் கொண்டுவருதல்

உப்பு நிறைந்த சாய பாத்தையும் உப்பு குறைந்த அலசல் நீரையும் ஒரே வாய்க்காலில் கலக்காமல் தனித்தனிக் குழாயில் கொண்டுபோக முடிந்தால், பிற்பாடு ஆகும் செலவு பெரிதும் குறையும். இடமில்லாத பழைய பட்டறைகளில் இது கடினம், புதிதாகக் கட்டுபவர்களுக்கோ இதைத் தவிர்க்கக் காரணமே இல்லை.

சேகரித்த கழிவுநீர் முதலில் சமன்படுத்தும் தொட்டிக்குப் போகிறது. இது சிறியதாக இருந்தால், பின்னால் எந்தக் கருவியும் சீராக இயங்காது. அதன் பிறகு உயிரியல் சுத்திகரிப்பு, வடிகட்டல், எதிர்ச்சவ்வூடு பரவல் என்னும் ஆர்.ஓ. ஆகியவை தொடர்கின்றன. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் கொட்டி நிறத்தைப் படிய வைக்கும் பழைய முறை கசடை மலையாகக் குவிக்கும். உயிரியல் முறைக்கு முதலிடம் கொடுத்தால் கசடு குறையும், ஆனால் நுண்ணுயிர்களுக்கு நிலையான உணவும் காற்றும் தேவை என்பதால் ஞாயிறன்று ஊதுவிசிறிகளை நிறுத்திவைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டுப் பட்டறையில் ஆர்.ஓ. 85 விழுக்காடு நீரை மீட்டால், 51,000 லிட்டர் நல்ல நீர் திரும்புகிறது. சவ்வைக் கடக்காத உப்பு நீர், அதாவது ரிஜெக்ட், 9,000 லிட்டர் மீதமாகிறது. அந்த 360 கிலோ உப்பும் ஏறக்குறைய முழுவதும் இந்த 9,000 லிட்டரில் இருக்கிறது, அதாவது லிட்டருக்கு 40 கிராம். சாய பாத்துக்கு வேண்டியது 60 கிராம். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ரிஜெக்டில் உள்ள நிறத்தையும் கடினத்தன்மையையும் நானோ வடிகட்டி முதலியவற்றால் நீக்கிவிட்டால், அந்தக் கரைசலையே மீண்டும் சாய பாத்தில் பயன்படுத்தலாம். குறையும் உப்பை மட்டும் புதிதாகச் சேர்த்தால் போதும்.

இந்த வழியைத் தேடாமல் ரிஜெக்ட் முழுவதையும் எவாப்பரேட்டருக்கு அனுப்பினால், ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 540 கிலோ கலோரி வெப்பம் செலவாகும். பல கட்ட எவாப்பரேட்டர்கள் ஒரே நீராவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி இதைக் குறைக்கின்றன என்றாலும், பாய்லரில் விறகு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஆற்றைக் காப்பாற்ற மரத்தையும் காற்றையும் கொடுப்பது நிலைத்த வளர்ச்சி ஆகாது. ஆகவே, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் நடத்துவதைக் குறிக்கும் பூஜ்ய வெளியேற்றம் என்ற சொல் ஆற்றுக்குப் போகும் கழிவைப் பற்றியது மட்டுமே என்பதை உணர்ந்து, ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு விறகு, எவ்வளவு மின்சாரம் என்ற கணக்கையும் அதே பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

ஆறாம் படி: கசடும் கலப்பு உப்பும்

ரசாயனக் கசடு அபாயகரக் கழிவு. தளம் போட்ட, கூரையுள்ள, மழைநீர் புகாத இடத்தில், 90 நாட்களுக்கு மேற்படாமல் வைத்து, உரிய ஆவணத்தோடு அங்கீகாரம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். ஆண்டு அறிக்கையை ஜூன் 30-க்குள் தர வேண்டும். வெப்ப மதிப்பும் உட்கூறுகளும் பொருந்தினால் சிமெண்ட் ஆலைச் சூளைகளுக்கு அனுப்புவது நிலத்தில் புதைப்பதைவிட மேலானது.

கலப்பு உப்புதான் இன்னும் முழுத் தீர்வு காணாத சிக்கல். சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கலந்து படிகமானால், அதைச் சாயத்துக்கும் பயன்படுத்த முடியாது, விற்கவும் முடியாது, மூட்டைகளாகக் கொட்டகையில் ஏறிக்கொண்டே போகும். பல பட்டறைகள் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே வகை உப்பைத்தான் பயன்படுத்துவோம் என்று முடிவு செய்வது இதற்கான நேரடியான வழி. கிளாபர் உப்பைத் தேர்ந்தெடுத்தால், 32 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்விக்கக் குளிர்விக்க அதன் கரைதிறன் வேகமாகக் குறைவதால், தூய படிகமாகப் பிரித்தெடுக்கலாம். எல்லோரும் கிளாபர் உப்புக்கு மாறிய பிறகும், மென்மையாக்கும் கருவிகளுக்குப் போடும் சாதாரண உப்பு குளோரைடைக் கொண்டுவந்து கலந்துகொண்டே இருக்கும். இரண்டாம் படியில் அதைத் தனியாக எழுதச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஏழாம் படி: உள்ளே இறங்கும் மனிதர்கள்

கசடுத் தொட்டியிலும் கழிவுநீர்க் கிணற்றிலும் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும். செறிவு கூடும்போது மூக்கு அதன் நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடுவதால், நாற்றம் இல்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளம் அல்ல. மனிதர் இறங்கத் தேவைப்படாத வகையில் பம்பும் இயந்திரமும் கொண்டு சுத்தம் செய்யும் ஏற்பாடு முதலில் வேண்டும். தவிர்க்கவே முடியாத பழுது வேலைக்கு, எழுத்து மூலமான அனுமதி, காற்றுச் சோதனை, காற்றோட்டம், சுவாசக் கருவி, இடுப்புக் கயிறு, மேலே நின்று கவனிக்கும் ஆள் ஆகிய அனைத்தும் இருந்தால் மட்டுமே ஒருவர் இறங்க வேண்டும். விழுந்தவரைத் தூக்க அடுத்தவரும் வெறுங்கையோடு இறங்குவதால்தான் ஒரே தொட்டியில் பலர் இறக்கிறார்கள். மேலே நிற்பவர் எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது என்பதைத் தமிழிலும் இந்தியிலும், வடமாநிலத் தொழிலாளர்கள் பேசும் பிற மொழிகளிலும் தொட்டியருகே எழுதி வைத்து, ஒத்திகையும் நடத்துங்கள்.

எட்டாம் படி: அமைப்பாக்குதல்

மேலே சொன்னவை ஒரு மேலாளரின் நினைவில் மட்டும் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் எல்லாம் போய்விடும். ஐ.எஸ்.ஓ. 14001 தரநிலை, முதலில் 1996-இலும் பிறகு 2004, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தங்களோடும் வெளிவந்தது. திட்டமிடு, செய், சோதி, திருத்து என்ற சுழற்சியை அது எழுத்தில் கொண்டுவரச் சொல்கிறது. சான்றிதழ் வாங்காவிட்டாலும் அந்தச் சுழற்சியைப் பின்பற்றலாம். சான்றிதழ் வாங்கிய பட்டறையும் அளவீடு இல்லாவிட்டால் ஆற்றைக் கெடுக்க முடியும்.

இலக்கை எண்ணாக எழுதுங்கள். "நீரைச் சிக்கனப்படுத்துவோம்" என்பது இலக்கு அல்ல. "அடுத்த மார்ச்சுக்குள் ஒரு கிலோ துணிக்கு 60 லிட்டரிலிருந்து 50 லிட்டராகக் குறைப்போம், பொறுப்பு சாயப் பிரிவு மேற்பார்வையாளர், செலவு இவ்வளவு" என்பதே இலக்கு. ஷிப்டு முடிவில் மீட்டர் எழுதுபவருக்கு அந்த எண் எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும். வெளிப்பிரிவைச் சேர்ந்த ஒருவரைக் கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்தணிக்கை செய்யுங்கள், அவர் கோப்புகளோடு குழாய்களையும் தொட்டுப் பார்க்கட்டும். வாங்கிய உப்பு மூட்டைகளின் எடையும், மீட்ட உப்பு, கலப்பு உப்பு, கசடு ஆகியவற்றில் உள்ள உப்பின் எடையும் பொருந்தாமல் போனால், காணாமல் போன உப்பு எங்கோ மண்ணுக்குள் போயிருக்கிறது. தணிக்கையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒன்பதாம் படி: மதிலுக்கு வெளியே அளத்தல்

மழைநீர் வாய்க்காலைக் கழிவுநீர் வாய்க்காலிலிருந்து முழுவதும் பிரித்து, பட்டறையை விட்டு அது வெளியேறும் இடத்தில் ஒரு பார்வைத் தொட்டி கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் திறந்த தொட்டிகளில் போதுமான வெற்றிடம் இருக்குமாறு நீர்மட்டத்தை இறக்கி வையுங்கள். பெருமழையில் தொட்டி வழிந்தால், ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் வீணாகும்.

பட்டறையின் மேற்பக்கம் ஒரு கிணறும், நிலத்தடி நீர் ஓடும் கீழ்ப்பக்கம் இரண்டு கிணறுகளும் தேர்ந்தெடுத்து, உரிமையாளர்களின் சம்மதத்தோடு, பருவமழைக்கு முன்னும் பின்னும் டி.டி.எஸ்., குளோரைடு, சல்பேட், சோடியம் ஆகியவற்றைச் சோதியுங்கள். மழைக்குப் பின் மேற்கிணற்றில் உப்பு குறைந்து, கீழ்க்கிணற்றில் குறையாமல் இருந்தால், பட்டறையின் தொட்டித் தளத்திலோ குழாயிலோ கசிவு இருக்கிறதா என்று உடனே தேட வேண்டும். பழைய காலத்து உப்பு மண்ணில் தங்கியிருக்கும் நொய்யல் போன்ற படுகையில், ஒரு சோதனையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பல ஆண்டுகளின் எண்கள் சேர்ந்தால்தான் போக்கு தெரியும். சோதனை முடிவின் நகலைக் கிணற்றுக்காரரிடம் அவர் கேட்பதற்கு முன்பே கொடுத்து, முந்தைய பருவத்தின் எண்ணை அதன் அருகில் எழுதி, அவருடைய பயிரும் மாடும் எப்படி இருக்கின்றன என்று கேட்டு, அவர் சொல்வதையும் அதே பதிவேட்டில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.